உற்பத்தி ஏறுகிறது, கடையில் ஏன் கூட்டமில்லை? இந்தியத் தொழில் உற்பத்தியும் மக்கள் நுகர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். மாலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லித் தருகிறேன். கடையிலும் வகுப்பிலும் மாதாமாதம் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

தொழில் உற்பத்தி 4 சதவீதம் வளர்ந்துச்சுன்னு பேப்பர்ல போடறாங்களே, யாருங்க இதை எண்றாங்க?

மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் தேசியப் புள்ளியியல் அலுவலகம். தொழில் உற்பத்திக் குறியீடு என்று பெயர்; ஐஐபி என்று சுருக்கிச் சொல்வார்கள். முன்பு மாதம் முடிந்து ஆறு வாரம் கழித்துத்தான் வரும். 2025 ஏப்ரலிலிருந்து அடுத்த மாதம் 28ஆம் தேதியே வந்துவிடுகிறது.

இது பெரும்பாலும் அளவைக் கணக்கிடுவது. எத்தனை டன் சிமென்ட், எத்தனை கார், எவ்வளவு மின்சாரம் என்று ஆலைகளிடமிருந்து வாங்கி, 2011-12ஆம் ஆண்டின் சராசரியை 100 என்று வைத்து ஒப்பிடுகிறார்கள். அப்படிக் கிடைக்கும் எண் வரிசையில் ஆலை உற்பத்திக்குச் சுமார் 77.6, சுரங்கத்துக்கு 14.4, மின்சாரத்துக்கு 8 என்று எடை, அதாவது நூற்றில் அவ்வளவு பங்கு. நான் இந்தப் பக்கத்தில் சொல்லும் ஐஐபி எண்களெல்லாம் அந்த 2011-12 வரிசையைச் சேர்ந்தவை.

சார், அந்தப் பட்டியல்ல என்னென்ன பொருள் இருக்குன்னு ஒரு தடவை முடிவு பண்ணிட்டா அப்புறம் மாத்தவே மாட்டாங்களா?

100 என்று வைக்கும் அடிப்படை ஆண்டை மாற்றும்போது பட்டியலையும் மாற்றுவார்கள். 2004-05 வரிசையை விட்டுவிட்டு 2011-12க்கு வந்தது 2017 மே மாதம். அப்போது கால்குலேட்டர், கலர் டிவிக்கான பிக்சர் டியூப், குட்கா எல்லாம் வெளியே போயின. சிமென்ட் கிளிங்கர், சுத்திகரித்த பாமாயில், மருத்துவ உபகரணங்கள் உள்ளே வந்தன.

பிக்சர் டியூப் டிவி கடைகளை விட்டுப் போன பிறகுதான் பட்டியலிலிருந்து போனது. மக்கள் வாங்குவது மாறும் வேகத்துக்குப் பட்டியல் மாறுவதில்லை. 2022-23ஐ அடிப்படையாக வைத்துப் புது வரிசைக்குப் போகும் வேலையை அமைச்சகம் எடுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறியீடு ஏறுதுன்னா ஜனங்க நிறைய வாங்கறாங்கன்னுதானே அர்த்தம்?

இல்லை. இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அந்த 100 எடையைப் பயன்பாட்டைப் பொறுத்து ஆறாகப் பிரித்திருக்கிறார்கள். நிலக்கரி, மின்சாரம், பெட்ரோலியம் போன்ற முதன்மைப் பொருட்களுக்கு மட்டும் 34. மிச்சத்தில் இயந்திரங்கள், இடைநிலைப் பொருட்கள், சிமென்ட், இரும்பு போன்ற கட்டுமானப் பொருட்கள் எல்லாம் போக, நீங்களும் நானும் கடையில் காசு கொடுத்து வாங்குவது இரண்டே வகைதான். ஃபிரிட்ஜ், பைக், செல்போன் போன்ற நீடித்து உழைக்கும் பொருட்களுக்கு 12.84, சோப்பு, எண்ணெய், பிஸ்கட், மருந்து போல வாங்கியதும் தீர்ந்துபோகும் பொருட்களுக்கு 15.33. இரண்டும் சேர்ந்து 28தான்.

அரசு நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் பணத்தைக் கொட்டினால் சிமென்டும் இரும்பும் ஏறும், குறியீடும் ஏறும். மளிகைக் கடைக்காரருக்கு அதனால் ஒரு சோப்புகூட அதிகம் விற்காமல் போகலாம். 2024-25இல் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். மொத்தக் குறியீடு சுமார் 4 சதவீதம் வளர்ந்தது. நீடித்து உழைக்கும் பொருட்கள் ஏறக்குறைய 8 சதவீதம் வளர்ந்தன. தினமும் தீர்ந்துபோகும் பொருட்களின் உற்பத்தியோ ஒன்றரை சதவீதம் அளவுக்குக் குறைந்தது. தலைப்புச் செய்தியில் 4 மட்டும்தான் வரும். ஏசி வாங்கும் வீட்டுக்கும் சோப்பை எண்ணி வாங்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் அந்த 4க்குள் மறைந்துபோகிறது.

2021 ஏப்ரல்ல 134 சதவீதம் வளர்ச்சின்னு படிச்சேன். அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை இல்லை, உண்மையான எண்தான். குறியீட்டு எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். 2019 ஏப்ரல்: 126.5. பொதுமுடக்கத்தில் ஆலைகள் பூட்டிக் கிடந்த 2020 ஏப்ரல்: 54.0. 2021 ஏப்ரல்: 126.6. ஐம்பத்து நான்கிலிருந்து நூற்று இருபத்தாறுக்கு வந்தால் 134 சதவீதம் ஏற்றம். ஆனால் இரண்டு வருடத்தில் நாடு நகர்ந்தது 0.1 புள்ளி.

இதை அடிப்படை விளைவு என்பார்கள். போன வருடம் பள்ளத்தில் விழுந்திருந்தால் இந்த வருடம் தரைக்கு வந்ததே மலை ஏறிய மாதிரி தெரியும். எந்த வளர்ச்சி எண்ணைப் பார்த்தாலும் போன வருடம் அதே மாதம் எப்படி இருந்தது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தீபாவளி மாசம்தான் வியாபாரம் உச்சத்துல இருக்கும். அந்த மாசமே உற்பத்தி குறைஞ்சுதுன்னு எப்படிங்க சொல்றாங்க?

விற்பனை நடக்கும் மாதம் வேறு, உற்பத்தி நடக்கும் மாதம் வேறு. தீபாவளிக்கு விற்கும் வாஷிங் மெஷின் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஆலையை விட்டுக் கிளம்பிவிடும். பண்டிகை வாரத்தில் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வட மாநிலத் தொழிலாளர்கள் தீபாவளி முடிந்து வரும் சத் பூஜை வரை திரும்புவதில்லை. வேலை நாள் குறைந்தால் உற்பத்தியும் குறையும்.

தீபாவளி ஒரு வருடம் அக்டோபரிலும் இன்னொரு வருடம் நவம்பரிலும் வருவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. 2022இல் தீபாவளி அக்டோபர் 24; அந்த அக்டோபரில் குறியீடு சுமார் 4 சதவீதம் சரிந்தது. 2023இல் தீபாவளி நவம்பர் 12; அந்த அக்டோபரில் 11 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி. பஞ்சாங்கம் நகர்ந்ததும், மேலே சொன்ன அடிப்படை விளைவும் சேர்ந்து செய்த வேலை இது. அக்டோபரையும் நவம்பரையும் சேர்த்துச் சராசரி எடுப்பதுதான் சரியான வழி.

மழை நல்லா பெஞ்சா பொருளாதாரத்துக்கு நல்லதுன்னு சொல்வாங்க. 2025 மே மாசம் மழை வந்ததும் உற்பத்தி விழுந்துச்சுன்னாங்களே?

இரண்டும் உண்மை. அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை மே 24ஆம் தேதியே கேரளாவைத் தொட்டுவிட்டது. கோடை குளிர்ந்ததால் ஏசியும் ஃபேனும் குறைவாக ஓடின. மின் உற்பத்தி முந்தைய வருடத்தைவிடக் குறைந்தது. அது குறியீட்டின் வளர்ச்சியையும் கீழே இழுத்தது. எங்கள் கடை குடோனிலும் ஏசி பெட்டிகள் வாசல் வரை அடுக்கிக் கிடந்தன. அதே மழை விளைச்சலாகி, உணவு விலையை இறக்கி, கிராமத்தில் கையில் காசு புரள ஐந்தாறு மாதம் ஆகும்.

பிஎம்ஐ 57, 58ன்னு சொல்றாங்க. ஐஐபியோ 2 சதவீதம்ங்கறாங்க. எதை நம்பறது?

இரண்டும் கேட்கும் கேள்வியே வேறு. பிஎம்ஐ என்பது கொள்முதல் மேலாளர் குறியீடு. அதைத் தயாரிப்பவர்கள் சுமார் 400 உற்பத்தி நிறுவனங்களின் கொள்முதல் மேலாளர்களிடம், போன மாதத்தைவிட ஆர்டர் கூடியதா, குறைந்ததா, அப்படியே இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கூடியது என்பவர்கள் அதிகமென்றால் எண் 50க்கு மேல் போகும். எவ்வளவு கூடியது என்பது அதில் கிடையாது. பத்து பேருக்குத் தலா ஒரு ஆர்டர் கூடினாலும் நூறு கூடினாலும் பதில் ஒன்றுதான்.

பிஎம்ஐ அடுத்த மாதத்தின் முதல் வேலை நாளிலேயே வந்துவிடும் என்பதால் திசையைச் சீக்கிரம் காட்டும். அளவு தெரிய ஐஐபிக்குத்தான் வர வேண்டும்.

போன மாசம் கம்பெனி விற்பனையில சாதனைன்னு செய்தி. ஷோரூம்ல இருக்கற என் மச்சான் ஈ ஓட்டறான். எது பொய்?

ரெண்டுமே பொய் இல்லை. வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் வெளியிடுவது ஆலையிலிருந்து டீலருக்கு அனுப்பிய எண்ணிக்கை. கம்பெனிக்கு அதுதான் விற்பனை. டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா வெளியிடுவது ஆர்டிஓவில் பதிவான வண்டிகளின் எண்ணிக்கை. வாடிக்கையாளர் கையில் சாவி போனால்தான் அதில் ஏறும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது உங்கள் மச்சானின் யார்டு. வண்டி அங்கே நின்றால் கம்பெனிக்குச் சாதனை, வட்டி டீலருக்கு. மக்கள் வாங்குகிறார்களா என்று தெரிய வேண்டுமானால் ஃபாடா எண்ணைத்தான் பாருங்கள்.

காரு இத்தனை விக்குதே, அப்ப ஜனங்ககிட்ட காசு இருக்குதுன்னுதானுங்களே அர்த்தம்?

யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். 2018-19இல் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்கள் சுமார் 33.8 லட்சம். 2024-25இல் 43 லட்சம். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எஸ்யூவி வகை. இப்போது இருசக்கர வாகனத்துக்கு வாருங்கள். 2018-19இல் சுமார் 2.12 கோடி. 2024-25இல் 1.96 கோடி. ஆறு வருடம் கழித்தும் பழைய உச்சத்தைத் தொடவில்லை. (நான்கும் டீலருக்கு அனுப்பிய கணக்குதான், ஆறு வருட இடைவெளியில் அந்த வித்தியாசம் பெரிதாகப் படாது.)

பைக் ஏன் விழுந்தது? ஒரே காரணம் இல்லை. 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீட்டை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று வந்தது. 2019இல் பிரேக் பாதுகாப்பு விதி. 2020 ஏப்ரலில் புகையைக் குறைக்கும் பிஎஸ்-6 விதி. ஒவ்வொன்றும் தேவையான விதிதான்; ஆனால் ஒவ்வொன்றும் விலையில் சில ஆயிரங்களைச் சேர்த்தது. அதே சமயத்தில் கொரோனா வந்து கூலி வருமானத்தை உடைத்தது. பத்து லட்ச ரூபாய் கார் வாங்குபவருக்கு இருபதாயிரம் ஏறினால் கலரை மாற்றிக்கொள்வார். எழுபதாயிரத்துக்கு வண்டி பார்த்த விசைத்தறித் தொழிலாளிக்குப் பத்தாயிரம் ஏறினால் இன்னும் இரண்டு வருடம் பழைய வண்டியையே தள்ளுவார், அல்லது பஸ்ஸில் போவார்.

இந்த நாட்டின் நுகர்வைப் பற்றி எனக்கு மிகவும் கவலை தரும் எண் இதுதான். கார் எண்ணிக்கை வசதி உள்ளவர்களின் கதை. பைக் எண்ணிக்கை, முதல் முறையாக ஒரு இயந்திரத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளப் பார்க்கும் குடும்பத்தின் கதை.

அஞ்சு ரூபா பிஸ்கட் இன்னும் அஞ்சு ரூபாதானே, அப்புறம் எப்படி விலைவாசி ஏறுச்சுன்னு சொல்றீங்க?

பாக்கெட்டைத் திருப்பி எடையைப் பாருங்க. கோதுமையும் பாமாயிலும் சர்க்கரையும் ஏறும்போது ஐந்து ரூபாயை ஆறாக்க முடியாது. சில்லறை பிரச்சினை, பழக்கப் பிரச்சினை. அதனால் கிராமைக் குறைப்பார்கள். அந்தக் காலாண்டில் பாக்கெட் எண்ணிக்கை ஏறும், டன் கணக்கு இறங்கும். நுகர்பொருள் நிறுவனங்கள் தங்கள் வளர்ச்சியைச் சொல்லும்போது அளவு வளர்ச்சியா மதிப்பு வளர்ச்சியா என்று பிரித்துக் கேட்க வேண்டியது இதனால்தான். விலை ஏறியதால் மட்டும் வந்த மதிப்பு வளர்ச்சியில், யார் வீட்டிலும் ஒரு பிஸ்கட்கூட அதிகம் போயிருக்காது.

ஜிஎஸ்டி குறைச்சதும் கடைகள்ல கூட்டம் அலைமோதுச்சே. இனி தேவைக்குப் பஞ்சமே இல்லைன்னு எடுத்துக்கலாமா?

2025இல் நடந்ததை நாள் வாரியாகச் சொல்கிறேன், நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டை உரையில் பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. செப்டம்பர் 22இல் நடைமுறைக்கு வந்தது. ஏசி, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, சின்னக் கார், 350 சிசி வரையிலான பைக் ஆகியவை 28இலிருந்து 18க்கு இறங்கின. சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் 5க்கு வந்தன.

இடையில் ஐந்து வாரம் கடை வெறிச்சோடியது. ஃபிரிட்ஜ் பார்க்க வந்த ஒரு அம்மா, எல்லாம் பார்த்து, கதவைத் திறந்து மூடி, மாடலையும் முடிவு பண்ணிவிட்டு, "வரி குறையுதாமே தம்பி, அப்புறமா வர்றோம்" என்று கிளம்பினார். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் 2018 ஜூலையிலிருந்தே 18 சதவீதம்தான், குறைய ஒன்றும் இல்லை என்று சொன்னேன். நம்பவில்லை. நவராத்திரியில் வந்து அதே ஃபிரிட்ஜை வாங்கினார். செப்டம்பர் 22க்குப் பிறகு வந்த கூட்டத்தில் அவர் மாதிரி எத்தனை பேர்! ஆகஸ்டில் வாங்க வேண்டியவர்கள் அக்டோபரில் வாங்கினார்கள்.

அதனால் புதுத் தேவையே வரவில்லை என்று சொல்லமாட்டேன். தடுத்து வைத்த தேவையும் புதுத் தேவையும் கலந்து வந்தன. பிரித்துப் பார்க்க ஒரு வழி, ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை நான்கு மாதத்தையும் கூட்டி முந்தைய வருடத்தின் அதே நான்கு மாதத்தோடு வைப்பது. தீபாவளிக் கேள்விக்குச் சொன்ன அதே சூத்திரம்.

வருமான வரியும் குறைச்சாச்சு, வட்டியும் குறைச்சாச்சு. இதெல்லாம் எங்களை மாதிரி ஆளுக்கு வந்து சேருமாண்ணா?

2025 பட்ஜெட்டில் புது வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை என்றார்கள். ரிசர்வ் வங்கி (ஆர்பிஐ) மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி அந்த வருடத் தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்தது, டிசம்பரில் 5.25 ஆனது. வரிச் சலுகை, முன்பு வரி கட்டிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான். வட்டிக் குறைப்பு, வங்கிக் கடன் வைத்திருப்பவர்களுக்கு. சம்பளச் சீட்டே இல்லாத கூலித் தொழிலாளிக்கும், கந்து வட்டிக்கு வாங்கியவருக்கும் இரண்டும் நேராகப் போய்ச் சேருவதில்லை. சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் குறைத்த ஜிஎஸ்டிதான் அவர்கள் வாசல் வரை போகும். அதுவும் கடைக்காரர் விலையைக் குறைத்தால்.

இப்ப எல்லாரும் இஎம்ஐலதான் வாங்கறாங்க. அதுவும் தேவைதானே?

இன்றைக்குத் தேவைதான். நாளைக்கு வாங்க வேண்டியதை இன்றைக்கே வாங்கிவிடுகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022-23இல் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, அதாவது சேர்த்ததில் வாங்கிய கடனைக் கழித்த மிச்சம், ஜிடிபியில் ஐந்து சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. சில பத்தாண்டுகளில் காணாத தாழ்வு. அடமானம் இல்லாத தனிநபர் கடன் வேகமாகப் பெருகுவதைப் பார்த்து, 2023 நவம்பரில் ஆர்பிஐ அத்தகைய கடனுக்கான இடர் எடையை, அதாவது அந்தக் கடனுக்கு ஈடாக வங்கி எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் எண்ணை, 100இலிருந்து 125 ஆக்கியது. கடன் கொடுப்பது கடினமானதும் எங்கள் கடையிலேயே இஎம்ஐ விண்ணப்பம் திரும்பிப் போவது கூடியது. மாதம் 1,800 ரூபாய் தவணைக்கு மறுக்கப்பட்டு, முகம் வாடிப் போகும் பையன்களைப் பார்ப்பது சங்கடம்.

வரிச் சலுகை, மானியம்னு இவ்வளவு கொடுத்தும் கம்பெனிங்க ஏன் புது ஆலை கட்ட மாட்டேங்கறாங்க?

2019 செப்டம்பரில் நிறுவன வரியின் அடிப்படை விகிதத்தை 30இலிருந்து 22க்கு இறக்கினார்கள். புது உற்பத்தி நிறுவனங்களுக்கு 15. ஆனால் இருக்கிற இயந்திரத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று ஆர்பிஐ ஒவ்வொரு காலாண்டும் கேட்கிறது. 2020 ஏப்ரல்-ஜூனில் அது 47.3 சதவீதத்துக்கு விழுந்தது. பிறகு மீண்டு 75ஐச் சுற்றி நிற்கிறது. நான்கு தறியில் ஒன்று சும்மா நிற்கும்போது ஐந்தாவது தறிக்கு யாரும் முன்பணம் கொடுக்கமாட்டார்கள், வரி எவ்வளவு குறைந்தாலும். வாங்குபவர் வருவார் என்ற உறுதிதான் அவர்களுக்கு வேண்டும்.

அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்ப திருப்பூரே ஆடிப் போச்சு. ஐஐபில அது தெரிஞ்சிருக்கணுமே?

தெரியாது, அல்லது மங்கலாகத்தான் தெரியும். 2025 ஆகஸ்ட் 27இல் அந்த வரி அமலுக்கு வந்தது. ஆனால் குறியீட்டில் ஆயத்த ஆடைக்கு எடை 1.32தான். அடிப்படை உலோகங்களுக்கு 12.8. திருப்பூரில் பாதித் தையல் இயந்திரங்கள் நின்றாலும், ஒடிசாவில் ஒரு பெரிய உருக்காலை கூடுதலாக ஓடினால் ஈடாகிவிடும். ஆட்கள் கணக்கில் பார்த்தால் உலகமே வேறு. ஒரு உருக்காலைக்குத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு கைகள் பனியனுக்கு வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை, பதிவு பெறாத சின்னப் பட்டறைகள். மாதாந்திரக் குறியீடு ஆலைகளைத்தான் கேட்கிறது. நிறுவனமாகப் பதிவாகாத தொழில்கள், கடைகள், சேவைகள் பற்றிய 2023-24 கணக்கெடுப்பில் 7.34 கோடி அமைப்புகள், 12 கோடிக்கு மேல் உழைப்பாளர்கள். அவர்கள் வருமானம்தான் மளிகைக் கடையின் வியாபாரம்.

ஜிடிபி கணக்குல ஆலை உற்பத்தி 9.9, ஐஐபில 5.5. ஒரே வருஷம், ஒரே நாடு. பரீட்சையில எதை எழுதறது?

2023-24ஐத்தான் கேட்கிறாய். 9.9 என்பது 2024 மே மாதத் தற்காலிக மதிப்பீடு. ஐஐபி அளவைச் சொல்கிறது. ஜிடிபி கூட்டு மதிப்பைச் சொல்கிறது: விற்ற தொகையில் மூலப்பொருள் செலவைக் கழித்த மிச்சம். அந்த வருடம் மூலப்பொருள் விலை இறங்கியது. அதே எண்ணிக்கை பெயின்ட் டப்பா விற்றாலும் நிறுவனத்துக்கு மிச்சம் கூடியது. கூட்டு மதிப்பு ஏறியது. கேள்வி எதைக் கேட்கிறதோ அந்தப் பெயரோடு எழுது. பெயரில்லாமல் எண்ணை மட்டும் எழுதாதே.

எல்லாத்தையும் பாக்க நேரமில்லைங்க. ரெண்டு எண்ணு சொல்லுங்க, போதும்.

28ஆம் தேதி அறிக்கை வந்ததும் தலைப்பை விட்டுவிட்டு, பயன்பாட்டு வாரியான அட்டவணைக்குப் போங்கள். அதில் நீடிக்காத நுகர்பொருள் என்ற வரிசை. அடுத்து ஃபாடாவின் இருசக்கர வாகனப் பதிவு. இரண்டையும் மூன்று மாதச் சராசரியாக எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் கிடைத்தால் ஆர்பிஐயின் நுகர்வோர் நம்பிக்கைக் குறியீட்டையும் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் மனக்குறை உள்ளவர்கள் அதிகம். 2021 மே மாதம் அது 48.5க்கு விழுந்தது.

நான் கடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு மாதாமாதம் எழுதி வருகிறேன். யாருக்காவது வேண்டுமென்றால் வந்து பார்த்துக்கொள்ளலாம்.